கன்றை அவிழ்க்கப் போனவன்

ஷெல் குத்துகிறார்கள். தூரத்தில். டும். கனமான பெட்டியைத் தரையில் போட்ட மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் விழுந்து படுக்க வேண்டும்.

"குத்திட்டான்! படுங்கோ! படுங்கோ!"

படுக்கிறோம். ஒழுங்கை மண் வாய்க்குள் போகிறது. என் வலது பக்கம் ஐயா, எங்கள் அப்பா. இடது பக்கம் கடைசித் தம்பி குகன். முன்னால் பெரிய தம்பி தவம். கூவல் வருகிறது. மெல்லியதாகத் தொடங்கித் தடித்துக்கொண்டே வருகிறது. தலைக்கு மேலே தாண்டிப் போனால் அது நமக்கில்லை. பாதியில் சட்டென்று நின்றால் நமக்கு. இது தாண்டிப் போகிறது. வயல் பக்கம் வெடிக்கிறது. நிலம் எங்களை ஒருமுறை தூக்கிப் போடுகிறது. மண்ணும் கல்லும் முதுகில் விழுகின்றன.

எழும்புகிறோம். ஓடுகிறோம்.

2007. மாரி மழை முடிந்து நெல் கதிர் தள்ளிய நேரம். மன்னார்ப் பெருநிலம். கட்டுக்கரைக் குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். காலை. பால் கறந்து முடித்திருந்தோம். பால் அடுப்பில் இருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊரை விட்டு ஓடும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாட்டை அவிழ்த்து விடுவோம். நாயின் சங்கிலியைக் கழற்றுவோம். கோழிக்கூட்டின் கதவைத் திறந்து வைப்போம். எப்போது திரும்பி வருவோம் என்று தெரியாது. கட்டிப் போட்டபடி ஒரு உயிர் பட்டினி கிடந்து சாகக் கூடாது. ஷெல் தலைக்கு மேலே போனாலும் இதைச் செய்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். இன்னொரு வழக்கமும் உண்டு. இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். கையில் தூக்க முடியாததை உடம்பில் கொண்டு போகலாம் அல்லவா. தவம் அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நான் வாங்கிக் கொடுத்த சட்டை.

தாய்ப்பசு சிவப்பியை நான் அவிழ்த்தேன். கோழிக்கூட்டைக் குகன் திறந்தான். ஒழுங்கை முடிந்து பெரிய தெரு தொடங்கும் இடத்தில் தவம் நின்றான்.

"அக்கா, கண்டு கட்டினபடி நிக்குது. அவிட்டு விட்டிட்டு வாறன்."

பால் கறந்த பிறகு கன்றை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டுவது வழக்கம். அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவனுக்கு வந்தது.

"போகாத! தம்பி, போகாத!"

போய்விட்டான். ஓடிப் போகவில்லை. வேகமாக நடந்தான். மாட்டுக்குப் பக்கத்தில் போகும்போது ஓடினால் அது மிரளும் என்று அவனுக்குப் பழக்கம்.

டும்.

இந்தத் தடவை கூவல் நின்றது.

நானும் குகனும் திரும்பிப் போனோம். ஐயாவால் முடியவில்லை. அவர் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் வாழை மரங்கள் இல்லை. தவம் கிடந்தான். எப்படிக் கிடந்தான் என்று எழுத மாட்டேன். அது எனக்கு. ஆனால் இதை எழுதுவேன். அவன் கையில் கயிறு இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. கன்று வயலுக்குள் நின்றுகொண்டிருந்தது. காதில் சிறு காயம். வேறொன்றும் இல்லை.

கிணற்றடியில் அவனைப் புதைத்தோம். ஆழமாகத் தோண்ட நேரம் இல்லை. நாங்கள் நடக்கத் தொடங்கியபோது கன்று பின்னால் வந்தது. பாலமடுவில் சனக் கூட்டத்துக்குள் அதைத் தவறவிட்டோம்.

இவ்வளவுதான் நடந்தது. கூட்டவில்லை. குறைக்கவில்லை. இதைத்தான் நான் மூக்கண்டப்பள்ளியில் கவிஞர்களிடம் சொன்னேன்.

*

காட்டுப் பாதை. படகு. மண்டபம் கடற்கரை. பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்து அகதி முகாம். நானும் குகனும் மட்டும். அங்கேயிருந்து அனுமதி வாங்கி ஓசூருக்கு வேலைக்கு வந்தோம். மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடுகளில் ஒன்று. முன்பக்கம் மதுரைக்காரர். பின்பக்கம் கன்னடக் குடும்பம். எனக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. குகனுக்குத் தெருக்கோடியில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை.

அந்தப் பிரஸ் மெஷின் அடிக்கும் சத்தம் எங்கள் சுவரில் கேட்கும். டும். முதல் மாதம் முழுவதும் நான் அந்த டும்முக்குப் பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூவல் வருமா என்று. அடுப்படியில் கரண்டியும் கையுமாக. குழாயடியில் குடமும் கையுமாக. கூவல் வரவே வராது. அடுத்த டும்தான் வரும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் என்னைப் பார்த்து, இந்த அம்மாவுக்குக் காது கேக்குதா இல்லையா என்று சந்தேகப்பட்டாள்.

மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இருவரும் முகாமுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். கையைத் தூக்க வேண்டும். அந்த நாள் எந்தக் கம்பெனியிலும் விடுமுறை இல்லை. ஆனாலும் போய்விடுவோம். ஒரு தடவை தவறினால் ஆயிரம் கேள்வி.

2009 பிறந்தது. மாமரங்கள் பூத்திருந்தன. டிவியில் எங்கள் ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கின. உச்சரிப்பு தப்புத் தப்பாக. ஓசூரில் தினம் ஒரு கூட்டம். உண்ணாவிரதம். ஊர்வலம். எங்களுக்காக அழுதார்கள். அதை மறந்து பேசினால் என் வாய் அழுகிவிடும். லாரி ஓட்டுகிறவர், டீக்கடைக்காரர், யாரோ எவரோ என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகையில் கலப்படம் இல்லை.

கவிஞர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள்.

கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு இலக்கிய வட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். தலைவர் கவிஞர் தணலன். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நூல் அளவு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அவரே பெருமையாகச் சொன்னார். போரைப் பற்றிக் கவியரங்கம் வைக்கப் போகிறோம், நேரில் பார்த்தவர் ஒருவர் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். குகன் வேண்டாம் என்றான்.

"அக்கா, எங்கட கதை எங்களோட இருக்கட்டும்."

நான் கேட்கவில்லை. தவத்தின் பெயரை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அவனுக்குச் செத்த வீடு நடக்கவில்லை. எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு இல்லை. ஒப்பாரி இல்லை. ஒரு மண்டபத்தில் மைக்கில் அவன் பெயர் வந்தால் போதும் என்று நினைத்தேன். இதை ஆசை என்று சொல்வதா, பேராசை என்று சொல்வதா.

போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். சொன்னேன். குத்துகிற சத்தம், கூவுகிற சத்தம், நிற்கிற கூவல், கன்று, கயிறு, நீலச் சட்டை. எல்லாவற்றையும். முடித்தபோது தணலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, உங்க தம்பிய நாங்க சாக விட மாட்டோங்க. எங்க எழுத்துல வாழ வெப்போம்."

படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது. அந்த ஒன்றுதான். நான்கு பிரதி எடுத்திருந்தோம். மூன்றைக் கடல் தண்ணீர் தின்றது. மிஞ்சியதைக் கொடுத்தேன். பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். திருப்பியும் தந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

*

கவியரங்கம் மாலையில். ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் இன்னும் வாழைமரம் கட்டியிருந்தது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குகன் பின்னால் நின்றான்.

முதலில் ஆசிரியை மலர்விழி. நல்ல பெண். குரலும் நல்ல குரல். அவருடைய கவிதையில் எங்கள் அம்மா வந்தார். வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருந்தார். கண்ணீர் ரத்தமாக ஓடியது. விளக்கு அந்த ரத்தத்தில் எரிந்தது. மண்டபம் விசும்பியது. எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் அம்மா நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பாம்பு கடித்துச் செத்துப் போனவர். நான் அதையும் சொல்லியிருந்தேன். அங்கே காத்திருக்க யாரும் இல்லை. தெருவோரம் ஐயாதான் உட்கார்ந்திருந்தார், மூச்சு இழுப்போடு. இழுப்பு வந்த ஐயா கவிதைக்கு ஆக மாட்டார் போலிருக்கிறது. அம்மாதான் ஆவார். செத்தவரை எழுப்பிக் கொண்டுவந்து அழ வைத்தார்கள்.

அடுத்து கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். பெங்களூரில் வேலை. அவருக்கு என் கதையில் கன்று பிடித்திருந்தது. தவம் பிடிக்கவில்லை. கன்று இரண்டு பக்கத்துப் படைக்கும் நடுவே நடந்தது. இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தின. கன்று இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டது. மனிதர்களே, நீங்கள் ஏன் இன்னும் கட்டப்பட்டிருக்கிறீர்கள். கைதட்டினார்கள். ஒரு கன்றுக்காக எந்தப் படையும் சுடுவதை நிறுத்தாது என்று மேடையேறிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கன்று அன்றைக்குக் கேள்வி கேட்கவில்லை. தாயைத் தேடிக் கத்தியது.

மூன்றாவது ரியாஸ். ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரம். மைக் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்தார். அதில் ஒன்றும் எழுதவில்லை. "சொற்கள் செத்துவிட்டன" என்று மட்டும் சொன்னார். தாளைக் காட்டியபடி நின்றார். இறங்கிப் போனார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியது அதற்குத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொற்கள் சாகவில்லை. செத்தது தவம். சொற்கள் என்னிடம் அத்தனையும் நல்ல உயிரோடு இருந்தன. மாடி அறையில் இவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வெறுங்கையோடு திரும்பிப் போனது அவர். அதற்கும் பெயர் கவிதை.

கடைசியாகத் தணலன். அவர் ஏறியதும் மேடைக்குப் பின்னால் இருந்த துணியை விலக்கினார்கள். ஒரு பெரிய பிளக்ஸ். அதில் தவம்.

தவத்தின் முகம்தான். கண் அவனுடையது. நெற்றியில் அந்தச் சின்னத் தழும்பு. கழுத்துக்குக் கீழே நீலச் சட்டை இல்லை. பச்சையும் பழுப்புமாக வரி வரியாக ஒரு உடுப்பு. தோளில் துவக்கு. பின்னால் தீ. காலுக்குக் கீழே நான்கு வரி.

ஓடிய ஊரில் ஒருவன் திரும்பினான்
உறங்கிய துப்பாக்கி கண் விழித்தது
எதிரியின் இரும்பு அவனிடம் தோற்றது
திரும்பியவன் பெயர் தவம்

தணலன் அதை மூன்று தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் மண்டபமே சேர்ந்து கத்தியது. தவம். தவம். தவம். நான் ஆசைப்பட்டது நடந்தது. மைக்கில் அவன் பெயர்.

பின்னால் திரும்பிக் குகனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த உடனேயே, இனி எங்களை இயக்கத்து ஆட்கள் என்பார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. பெருமையில் காது அடைத்துப் போயிருந்தது.

கூட்டம் முடிந்ததும் தணலனிடம் போனேன்.

"தம்பி, அவன் கண்டு அவிழ்க்கப் போனவன். துவக்குத் தொட்டவனே இல்லை. ஏன் இப்பிடிப் போட்டீங்கள்?"

"அக்கா, கன்னுக்குட்டி அவிழ்க்கப் போனான்னு எழுதுனா எடுபடாதுங்க. சனங்களுக்கு வேகம் வரணும். உங்க தம்பிக்கு ஒரு பெருமை வேணாமா?"

"இந்த உடுப்பு?"

"அது பிளக்ஸ் கடையில போட்டுக் குடுத்தாங்க. நல்லாத்தானக்கா இருக்கு."

*

பிளக்ஸ் அன்றிரவு மண்டபத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போகிறேன். மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நான்கு கயிற்றில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். காசு போட்டு அடித்தது வீணாகக் கூடாது அல்லவா. ஷிப்டுக்குப் போகிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு போனார்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. நம் ஊரில் நம்மோடு வாழும் செல்வராணியின் தம்பி. அது என் பெயர்.

ரியாஸ் தக்காளி வண்டியோடு அந்தப் பக்கம் வந்தார். நான் பிளக்ஸுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து இறங்கினார்.

"ஏங்க்கா, என்னாச்சு?"

"இதை அவிழ்க்க வேணும் தம்பி. இப்பவே."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறி நின்று மேல் முடிச்சுகளை அவிழ்த்தார். கீழ் முடிச்சுகளை நான் அவிழ்த்தேன். இறுகிக் கிடந்தன. நகம் பெயர்ந்தது. தவத்தின் முகத்தை உள்பக்கமாக வைத்துச் சுருட்டினோம்.

"அக்கா, நேத்து நான் செஞ்சது உங்களுக்குப் புடிக்கலைன்னு தெரியுங்க. எனக்கு எழுத வரலீங்க. நெசமாவே வரலை."

"வராட்டி நான் சொன்னதை அப்பிடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

அவர் சுருட்டியதைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார். தக்காளிக் கூடைகளுக்கு அடியில்.

அவிழ்த்தது வீண். அதற்கு முன்பே யாரோ செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். யாரிடம் போக வேண்டுமோ அந்தப் போலீஸிடம் அது போய்விட்டது.

அந்த மாதம் முகம் காட்டும் நாள் வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று மருத்துவச் சீட்டு வைத்திருந்தேன். குகன் தனியாகப் போனான். காலை பஸ். கட்டம் போட்ட சட்டை. டிபன் பாக்ஸில் புட்டு. மாலை வர வேண்டியவன் வரவில்லை. முகாமில் தெரிந்தவர் போன் செய்தார். பெயர் கூப்பிட்டபோது குகன் கையைத் தூக்கினான், அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். அடி இல்லை. சத்தம் இல்லை. ஜீப்பின் கதவு மூடும் சத்தம் மட்டும்.

தணலனின் வீட்டுக்குப் போனேன். அவர் ஆடிப் போய்விட்டார். நடிப்பு இல்லை. உண்மையாகவே ஆடிப் போனார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. என்னோடு கிருஷ்ணகிரிக்கு வர வேண்டும். விசாரிக்கிறவரிடம், இது நான் கற்பனையாக எழுதியது, அந்த உடுப்பு பிளக்ஸ் கடையில் போட்டது என்று சொல்ல வேண்டும்.

"கண்டிப்பா வரேங்க்கா. என்னாலதானே ஆச்சு. நான் சொல்றேன்."

வந்தார். லீவு போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். சூளகிரி வரைக்கும் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். மேசையில் அந்தப் பிளக்ஸின் படம் இருந்தது. முதலில் என்னைக் கேட்டார்.

"ஏம்மா, இது உன் தம்பியா?"

"முகம் அவன்ர முகம் ஐயா. உடுப்பு இல்லை. துவக்கும் இல்லை. அவன் மாடு வளர்த்தவன். கண்டை அவிழ்க்கப் போய்ச் செத்தவன். கையில கயிறு இருந்தது."

"அப்ப இந்த யூனிபாரம்?"

கைப்பையிலிருந்து அசல் படத்தை எடுத்து வைத்தேன். நீலச் சட்டை. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. நான் பார்த்தேன். அந்த இடத்தில் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். பிறகு தணலன் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் எழுதுனதா? இதுல இருக்கறது பூராக் கற்பனைதானே? அந்தப் பையன் சண்டையெல்லாம் போடலைதானே?"

ஆம் என்று ஒரு சொல். பஸ்ஸில் இரண்டு தடவை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் மைக்கைப் பிடிக்கும்போது நிமிர்வாரே, அதே நிமிர்வு.

"கற்பனைன்னு ஒரேயடியா சொல்லிட முடியாதுங்க சார். இந்தம்மா சொன்னதக் கேட்டுத்தான் எழுதுனேன். எந்தக் கவிஞனும் பொய் எழுத மாட்டானுங்க."

அறையில் மின்விசிறி ஓடும் சத்தம். கடக். கடக். கடக்.

"தம்பி," என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இல்லைங்க சார், நான் சொல்ல வந்தது வேற, உணர்வு நெசம், சம்பவம் அப்பிடி இல்லை என்று என்னென்னவோ சொன்னார். சொல்லச் சொல்ல மோசமானது. பேனாவின் முனை தாளில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதைக் கேட்டு எழுதியது. அவ்வளவுதான் தாளில் ஏறியது. மீதி ஒன்றும் ஏறவில்லை. ஒரு நூல் பிசகினால் பொருளைத் திருப்பி அனுப்புகிற மனிதர். என் தம்பியின் உயிர் விஷயத்தில் தன் கவிதையைப் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அசல் படத்தைக் கேட்டேன். அதுவும் விசாரணையில் இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் தணலன் அழுதார். நான் அழவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதையும் செய்யவில்லை. அவருக்கு ஓசூர் பஸ். எனக்கும் ஓசூர் பஸ். வேறு வேறு பஸ்ஸில் ஏறினோம்.

*

தெற்கே ஒரு முகாம் இருக்கிறது. கதவு பூட்டிய முகாம். குகன் அங்கே இருக்கிறான். வழக்கு இல்லை. தண்டனை இல்லை. அதனால் விடுதலை நாளும் இல்லை.

வைகாசியில் போர் முடிந்தது என்று டிவியில் சொன்னார்கள். அன்றைக்கும் எனக்கு ஷிப்ட் இருந்தது. கிருஷ்ணகிரி மாம்பழம் வந்த நேரம். கொஞ்சம் வாங்கிக்கொண்டு குகனைப் பார்க்கப் போனேன். வாசலில் பழத்தை வெட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தின்றான். மெலிந்திருந்தான்.

"அக்கா, அந்தப் பிளக்ஸ் எங்க?"

"ரியாஸ் தம்பி கொண்டு போயிட்டார்."

"எரிச்சாச்சோ?"

தெரியாது என்றேன். பிறகு ரியாஸிடம் கேட்டேன். எரிக்கவில்லையாம். எரிக்க மனம் வரவில்லையாம். மழைக்குத் தக்காளிக் கூடையின் மேல் போட்டு மூடுகிறாராம், எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி. அந்த ஊரில் எழுதப்பட்ட கவிதைகளில் யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான். அடுத்த தடவை போய் இதைச் சொன்னபோது குகன் சிரித்தான். இரண்டு வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தணலன் இப்போதும் எழுதுகிறார். பூட்டிய முகாமைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதில் குகன் சிங்கமாம். வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னேன். மலர்விழி டீச்சர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றார். தெரியாமல் இல்லை டீச்சர், நான் சொன்னேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஒருவர் போரை வீரம் என்று எழுதினார். ஒருவர் கண்ணீர் என்று எழுதினார். ஒருவர் பாடம் என்று எழுதினார். ஒருவர் ஒன்றும் எழுதாமல் விட்டார். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருக்கும் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன். அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. வாசிப்பதற்கு வறட்சியாக இருக்கும். இருக்கட்டும்.

பிரஸ் ஷாப்பில் குகனின் இடத்துக்கு வேறு ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். டும். சுவரில் கேட்கிறது. இப்போதும் நான் மூச்சைப் பிடிக்கிறேன்.

எங்களிடம் இருந்து போனவை இவை.

வீடு. கிணறு. கதிர் தள்ளி வெட்டாமல் விட்ட வயல். அடுப்பில் வைத்த பால்.

சிவப்பி. எங்கே போனாள் என்று தெரியாது.

ஐயா. ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், பாலை மரத்தடியில், இழுப்பு வந்து. அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

தவத்தின் படம். கோப்பில் இருக்கிறது. வேறு பிரதி இல்லை.

குகன். உயிரோடு இருக்கிறான். அவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். அவனை ஷெல் எடுக்கவில்லை.

தவம். முழுப்பெயர் தவராசா. கன்றின் முடிச்சை அவிழ்த்த பிறகு செத்தான். கையில் கயிறு இருந்தது. நீலச் சட்டை போட்டிருந்தான்.